விருப்ப ஓய்வு: இரு துறைக்கு இரு தராசா?

‘சுயவிருப்பின் பேரில் ஓய்வு’ என்னும் சொற்றொடர் கேட்பதற்கு இதமானது. விரும்பியவர் போகலாம், விரும்பாதவர் இருக்கலாம் என்பதே அதன் பொருள். ஆனால் வேலைத்தலத்தில் அது அறிவிக்கப்படும்போது ஆட்குறைப்பு பெரும்பாலும் தீர்மானிக்கப்பட்டுவிட்ட ஒன்றாகவே இருக்கிறது. “இன்று கையொப்பமிட்டால் இவ்வளவு தருவோம், நாளை என்ன நடக்குமென்று சொல்ல முடியாது” என்ற நிலையில் கேட்கப்படும் சம்மதம் எந்த அளவுக்குச் சம்மதம் ஆகும்? அந்தச் சம்மதத்தின் விலை அரச துறையில் ஒன்றாகவும் தனியார் துறையில் வேறொன்றாகவும் இருப்பது நியாயமா? இவ்விரு கேள்விகளையும் வாசகர்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறோம்.

அரச துறையில் ஆட்குறைப்பு என்பது அரசியல் தீர்மானம். எனவே அதற்கான திட்டம் அமைச்சரவையிலும் திறைசேரியிலும் ஆராயப்படுகிறது, தொழிற்சங்கங்கள் குரல் எழுப்புகின்றன, பத்திரிகைகள் எழுதுகின்றன. 1990இல் அரச ஊழியர் தொகையைக் குறைக்க முற்பட்டபோது பலர் ஓய்வூதிய உரிமையுடன் விலகினர். 2022இன் பொருளாதார நெருக்கடியின்போது, சேவை மூப்பும் ஓய்வூதியமும் பாதிக்கப்படாமல் 5 ஆண்டுகள் வரை சம்பளமற்ற விடுமுறையில் சென்று வேறு தொழில் செய்ய அரச ஊழியருக்குச் சுற்றறிக்கை மூலம் இடமளிக்கப்பட்டது. மின்சார சபையை மறுசீரமைக்கும் 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டத்திலேயே, புதிய கம்பனிகளில் சேர விரும்பாதவர்கள் நட்டஈட்டுடன் விலகுவதற்கு வழி வைக்கப்பட்டது. இவை குற்றமல்ல. விலகுகிறவருக்கும் ஒரு வாழ்வு உண்டு என்பதை அரசு ஏற்றுக்கொண்டதன் அடையாளங்கள் இவை.

தனியார் துறையிலும் சட்டம் இல்லாமலில்லை. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க, வேலையை முடிவுறுத்தல் பற்றிய சட்டத்தின்படி, 15 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணமின்றி ஒருவரை நிறுத்த வேண்டுமானால் அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அல்லது தொழில் ஆணையாளரின் முன்னனுமதி வேண்டும். ஆணையாளரின் வழியாகச் சென்றால் நட்டஈட்டுக்கு 2005இல் வகுக்கப்பட்ட ஒரு கணக்கு உண்டு. முதல் 5 வருடங்களுக்கு வருடத்துக்கு இரண்டரை மாதச் சம்பளம், 6ஆம் வருடம் முதல் 14ஆம் வருடம் வரை இரண்டு மாதச் சம்பளம், அதன்பின் படிப்படியாகக் குறைந்து செல்லும். மொத்தம் 48 மாதங்களுக்கு மேற்படாது. அன்று பன்னிரண்டரை இலட்சம் ரூபாவாக இருந்த உச்சவரம்பு 2021இல் 25 இலட்சமாக உயர்த்தப்பட்டது.

சிக்கல் முதலாவது வழியிலேதான் இருக்கிறது. தொழிலாளி தாமாகவே சம்மதித்துக் கையொப்பமிட்டால் இந்தக் கணக்கு முதலாளியைக் கட்டாயப்படுத்தாது. பேசித் தீர்த்த தொகையே தொகை.

10 வருடம் வேலை செய்து மாதம் 40,000 ரூபா பெறும் ஆடைத் தொழிற்சாலைத் தொழிலாளி ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஆணையாளரின் கணக்குப்படி அவருக்கு இருபத்திரண்டரை மாதச் சம்பளம், அதாவது 9 இலட்சம் ரூபா கிடைக்கும். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி அவருக்கு எப்படியும் உரித்தான பணிக்கொடையோ வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். அதாவது 2 இலட்சம். தமக்கு ஏற்கெனவே உரிய இந்தப் பணிக்கொடையோடு ஓரிரு மாதச் சம்பளத்தையும் சேர்த்து ‘விசேட கொடுப்பனவு’ என்று நீட்டினால், விவரம் அறியாதவர் நன்றி கூறி வாங்கிச் செல்வார். அவர் இழந்தது எவ்வளவு என்று அவருக்கே தெரியாது.

ஊழியர் சேமலாப நிதி இருக்கிறதே என்பர் சிலர். அந்தப் பணத்தை ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலுமே பொதுவாக முழுமையாகப் பெறலாம். 38 வயதில் ஊர் திரும்பும் தகப்பனுக்கு அது எட்டாத கனி. வேலையிழந்தவரை மாதாமாதம் தாங்கும் காப்புறுதி முறையும் எமது நாட்டில் வேரூன்றவில்லை. ஆகவே கையில் வந்த சிறுதொகை கடனுக்கும் கூரைக்கும் போய்விட, குடும்பத்தின் பாரம் கிராமத்தின் தோளில் விழுகிறது.

அரச ஊழியர் குறைந்த சம்பளத்தையும் தூர இடமாற்றங்களையும் ஓய்வூதியத்தை நம்பியே ஏற்றனர், அவர்களோடு ஒப்பிடலாமா என்று கேட்கலாம். அதில் நியாயமுண்டு. தனியார் முதலாளிக்குத் திறைசேரி இல்லை என்பதும் உண்மையே. ஆனால் அரச திட்டங்களுக்கான பணம் பொதுமக்களின் பணம். சவர்க்காரம் வாங்கும்போது வரி செலுத்தும் தோட்டத் தொழிலாளியும் அதற்குப் பங்களிக்கிறார். மற்றவரின் பாதுகாப்புக்குப் பணம் கொடுப்பவர், தமது பாதுகாப்பைக் கேட்பது பொறாமையாகாது. அரச ஊழியரின் தட்டிலிருந்து எடுத்து இந்தத் தராசைச் சமப்படுத்தும்படியும் நாம் கேட்கவில்லை. இலேசாக இருக்கும் தட்டில் உரியதை வைக்க வேண்டும் என்கிறோம்.

அதற்கு நாம் முன்வைப்பவை மூன்று. முதலாவதாக, ஆணையாளரின் கணக்கு சுயவிருப்பு ஓய்வுக்கும் மிகக் குறைந்த அளவாகச் சட்டமாக்கப்பட வேண்டும். முதலாளி அதற்கு மேல் கொடுக்கலாம்; கீழே போகக்கூடாது. இரண்டாவதாக, கையொப்பமிட்ட பின்னும் மனம் மாறுவதற்குச் சில வாரங்கள் அவகாசம் அளிக்கப்பட வேண்டும். கடிதம் தொழிலாளியின் தாய்மொழியில் இருக்க வேண்டும். மூன்றாவதாக, உச்சவரம்பு வாழ்க்கைச் செலவோடு சேர்ந்து உயர வேண்டும். 2021இல் அது உயர்ந்தது. 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டபோது அந்த உயர்வின் பெரும்பகுதி கரைந்துபோயிற்று.

15 பேருக்குக் குறைந்த அரிசி ஆலைகளிலும் கடைகளிலும் வேலை செய்வோரை இச்சட்டம் தொடவே இல்லை என்பதையும் மறந்துவிடலாகாது. எமது கிராமங்களில் அத்தகையோர் பலர்.

சட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கிராம அபிவிருத்திச் சங்கங்களும் மாதர் சங்கங்களும் இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி, வெளியூரில் வேலை செய்யும் பிள்ளைகளின் கையில் கொடுக்கலாம். கடிதம் நீட்டப்பட்டால் அன்றே கையொப்பமிடாமல், தொழிற்சங்கத்திடமோ மாவட்டத் தொழில் அலுவலகத்திடமோ காட்டும்படி சொல்லலாம். தமக்கு உரியது எவ்வளவு என்று தெரிந்தவர் கொடுக்கும் சம்மதமே சம்மதம்.