45 நிமிஷத்தில் ஒரு கடற்கரைக் கிராமம்

காலை நடை முடிந்து பூங்கா பெஞ்சில் உட்காரும் எங்கள் கோஷ்டியில் பாதிப் பேருக்குப் பிள்ளைகள் வெளிநாட்டில். கோடை வந்தால் ஒருவர் மாற்றி ஒருவர் காணாமல் போவோம். திரும்பி வந்ததும் செல்போனை நீட்டி ஃபோட்டோ காட்டுவது எங்கள் சடங்கு. போன வாரம் ஒரு நண்பர் இங்கிலாந்து கதை சொன்னார். 12 நாளில் 19 ஊர். அதில் கடலோரக் கிராமங்கள் மட்டும் ஐந்து. "எல்லாம் ஒரே மாதிரிதான் சார். ஓட்டு வீடு, குளிர் காத்து, கடல். அங்கே பார்க்க என்ன இருக்கு? நம்ம மெரினா கால் தூசு பெறுமா?" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பெஞ்சில் சண்டை வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன். சொல்ல வேண்டியதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். நானும் அப்படித்தான் போனேன். மகன் லீட்ஸில் இருக்கிறான். முதல் முறை போனபோது ஒரே நாளில் யார்க், விட்பி, ராபின் ஹூட்ஸ் பே, ஸ்கார்பரோ என்று அட்டவணை போட்டு வைத்திருந்தான். ராபின் ஹூட்ஸ் பேக்கு அதில் கிடைத்தது 45 நிமிஷம். வண்டியை மேலே நிறுத்திவிட்டுத்தான் கிராமத்துக்கு இறங்க வேண்டும். இறக்கமோ செங்குத்து. பாதி வழி இறங்கினோம், நான்கு ஃபோட்டோ எடுத்தோம். "நேரமாச்சுப்பா" என்றான். முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தோம். கடல் தண்ணீரைத் தொடக்கூட இல்லை. ஊருக்கு வந்து நானும் பெஞ்சில் அதே வசனத்தைத்தான் பேசினேன்: "ஒண்ணும் பெரிசா இல்லை."

போன வருஷம் மறுபடி போனபோது என் மனைவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "எனக்கு ஓட முடியாதுடா. ஏதாவது ஒரு ஊர்ல கொண்டு போய் உட்கார வை." மகனுக்கு முகம் சுருங்கிவிட்டது. இருந்தாலும் அதே கிராமத்தில் மூன்று ராத்திரி தங்கினோம். அந்த மூன்று நாளை வைத்துத்தான் பேசுகிறேன்.

"பார்க்க என்ன இருக்கு?" என்று கேட்கிறவர்களுக்கு முதல் பதில், கடல். சென்னையில் கடல் ஏறி இறங்குவது சுமார் ஒரு மீட்டர்தான்; நாம் கவனிப்பதே இல்லை. அந்தக் கரையில் அது நான்கைந்து மீட்டர். ஏற்றத்தில் அலை படகு இறக்கும் சரிவுப் பாதை வரை வந்து சுவரில் மோதும். ஆறு மணி நேரம் கழித்துப் போனால் கடலைத் தேட வேண்டும். தண்ணீர் இருந்த இடத்தில் வில் போல் வளைந்த பாறை வரிசைகள் வெகுதூரம் கிடக்கும். பாறை இடுக்குகளில் தேங்கிய குட்டைகளில் நண்டு, நட்சத்திர மீன், கடல் சாமந்தி. 45 நிமிஷம் நின்றவன் இதில் ஒரு கடலைத்தான் பார்த்திருப்பான். மற்றதைப் பார்க்கக் காத்திருக்க வேண்டும், வேறு வழியில்லை.

எட்டு வயதுப் பேரன் ஒரு வாளியோடு முழுக் காலையும் அந்தக் குட்டைகளில் கழித்தான். ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். நத்தை போல் சுருண்ட கோடு. அம்மோனைட் என்ற கடல் உயிரியின் படிமம். ஏறக்குறைய 19 கோடி ஆண்டுப் பழசு. அந்தக் கரையில் உதிர்ந்து கிடப்பதைப் பொறுக்கலாம். குன்றுச் சுவரை மட்டும் உடைக்கக் கூடாது. அதன் அடியில் நிற்கவும் கூடாது, மண் சரியும். "தாத்தா, இது உன்னைவிட வயசானதா?" என்று கேட்டான். கொஞ்சம்தான் என்றேன். லீட்ஸ் வீட்டில் இரண்டு மாதம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் அவன் என்னோடு அவ்வளவு பேசியதில்லை.

இரண்டாவது, ஊரின் கதை. ராபின் ஹூட் அங்கே வந்ததற்கு ஆதாரம் ஒன்றும் கிடையாது, பெயரோடு சரி. நிஜமாக நடந்தது வேறு. 1881 ஜனவரியில் பெரும் பனிப்புயல். 'விசிட்டர்' என்ற கப்பல் அந்த வளைகுடாவில் சிக்கிக்கொண்டது. விட்பியிலிருந்து உயிர் காக்கும் படகு கடல் வழியாக வர முடியவில்லை. 18 குதிரைகளும் சுமார் 200 ஆட்களுமாக, ஏழடிப் பனியை வெட்டி வழி செய்து, ஆறு மைல் தரை மார்க்கமாகப் படகை இழுத்து வந்தார்கள். நம்மை மூச்சு வாங்க வைத்த அந்த இறக்கத்தில்தான் கயிறு கட்டி இறக்கினார்கள். முதல் முயற்சி தோற்றது. இரண்டாவதில் கப்பலின் ஆட்கள் அனைவரையும் காப்பாற்றினார்கள். இதைச் சொல்லும் பலகை ஊரிலேயே இருக்கிறது. முதல் முறை அதை நான் படிக்கவில்லை. படிக்க இரண்டு நிமிஷம்கூட ஆகாது. அட்டவணையில் அதற்கு இடமில்லை.

மூன்றாவது, சும்மா உட்காருவது. ஆல்ஃபிரட் வெயின்ரைட் என்பவர் 1973ல் வெளியிட்ட நூலில் இங்கிலாந்தைக் குறுக்காகக் கடக்கும் 190 மைல் நடைபாதை ஒன்றை வகுத்தார். மேற்குக் கரையில் செயின்ட் பீஸில் தொடங்கி இந்தக் கிராமத்தில் முடிகிறது. அங்கே ஐரிஷ் கடலில் பூட்ஸை நனைத்து, ஒரு கூழாங்கல்லை எடுத்துக்கொண்டு நடப்பார்கள். இங்கே வந்து வட கடலில் பூட்ஸை நனைத்துக் கல்லைப் போடுவார்கள். மாலையில் கரையோரம் உட்கார்ந்திருந்தால் அவர்கள் ஒவ்வொருவராக வந்து சேருவதைப் பார்க்கலாம். நம் வயதுக்காரர்களும் உண்டு. சிலர் சிரிக்கிறார்கள், சிலர் அழுகிறார்கள். இரண்டு வாரம் நடந்து ஒருவர் வந்து சேரும் இடத்துக்கு நாம் 45 நிமிஷம் கொடுத்துவிட்டு "ஒண்ணுமில்லை" என்று தீர்ப்பும் எழுதுகிறோம்.

மறுப்பு என்ன வரும் என்று தெரியும். "விசா, டிக்கெட் எல்லாம் எவ்வளவு செலவு சார்! போனது போனோம், நாலு இடம் பார்க்க வேண்டாமா?" ஐயா, அதே செலவுக் கணக்கில்தான் நானும் கேட்கிறேன். இவ்வளவு கொடுத்துப் போய், நாளின் பாதியைக் காரின் பின் இருக்கையில் சீட் பெல்ட்டோடு கழிப்பது எந்த ஊர் சிக்கனம்? நாம் போவது பிள்ளையைப் பார்க்க. வார நாளில் அவன் ஆபீஸ். அவனுக்குக் கிடைக்கும் லீவில் அவன் கண் சாலையில், காது வழி சொல்லும் செல்போனில் என்றால் நம்மோடு எப்போது பேசுவான்? மூன்றாம் நாள் மாலை கரைச்சுவரில் உட்கார்ந்து ஸ்கோனும் டீயுமாக இருந்தபோது, வேலை போய்விடுமோ என்று ஆறு மாதமாகப் பயந்துகொண்டிருந்ததை என் மகன் சொன்னான். வாரா வாரம் வீடியோ காலில் சொல்லாதது. நாலு ஊர் அட்டவணையில் அது வெளியே வந்திருக்காது.

"முட்டி வலிக்கு அந்த ஏற்றம் ஆகாது" என்பது இன்னொரு மறுப்பு. நியாயம். அதனால்தான் தங்கச் சொல்கிறேன். ஒருநாள் கீழே இறங்கினால் மறுநாள் மேலேயே இருக்கலாம். 1885ல் தொடங்கி 1965ல் மூடிய ரயில் பாதை இப்போது நடைபாதை. பழைய ரயில் பாதை என்பதால் படி கிடையாது, ஏற்றமும் மெதுவானது. ஒரு பக்கம் கடல் தெரிந்துகொண்டே வரும். அதுவும் முடியாத நாளில் மேட்டில் 1820களில் கட்டிய பழைய செயின்ட் ஸ்டீபன் தேவாலயம் இருக்கிறது. சுற்றிலும் உள்ள கல்லறைகளைப் படித்தால் எத்தனை வீட்டுப் பிள்ளைகளைக் கடல் கொண்டுபோனது என்று தெரியும். நாகையிலோ கடலூரிலோ பிறந்தவர்களுக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு சங்கடத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். தங்க வருகிறவர்களுக்காகவே அந்தக் கடற்கரையில் வீடுகள் கைமாறி, உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வீடு கட்டுப்படியாகாமல் போகிறது. பக்கத்து விட்பியில் 2022ல் வாக்கெடுப்பு நடத்தி, புது வீடுகளை இரண்டாம் வீடாக விற்கக் கூடாது என்று பெரும்பான்மையோர் சொன்னார்கள். ஆகவே ஊர்க்காரர்கள் குடியிருந்துகொண்டே அறை விடும் இடமாகப் பார்த்துத் தங்குங்கள். நாங்கள் தங்கிய வீட்டு அம்மாள் தினமும் காலையில் கடல் ஏறும் இறங்கும் நேரத்தை எழுதிக் கையில் கொடுப்பார். கடலைப் பார்க்காமல் கரையோரமாக வெகுதூரம் போய்விட்டால் ஏறும் தண்ணீர் வழியை மறித்துவிடும். இது விளையாட்டில்லை.

சைவர்களுக்கு ஒரு வார்த்தை. யார்க்ஷயரில் பல கடைகளில் உருளைக்கிழங்கு சிப்ஸை மாட்டுக் கொழுப்பில்தான் பொரிப்பார்கள். கேட்டுவிட்டு வாங்குங்கள். ஆகஸ்ட் மாதமானாலும் மங்கி கேப்பை மறக்காதீர்கள். யாரும் சிரிக்க மாட்டார்கள்.

அடுத்த கோடைக்கு டிக்கெட் போடும்போதே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்: ஒரே ஊர், மூன்று ராத்திரி. "போர் அடிக்கும்ப்பா" என்பான். அடிக்கட்டும். முதல் நாள் மத்தியானம் கொஞ்சம் அடிக்கத்தான் செய்யும். சாயங்காலம் தண்ணீர் இறங்கும்போது பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு கீழே போங்கள். திரும்பி வந்து பெஞ்சில் எனக்குக் காட்ட ஒரே ஒரு ஃபோட்டோ இருந்தால் போதும்.