வாக்கிங் போகச் சொல்றாங்க... எங்கே போறது?

ரொம்ப நாள் கழிச்சு ஒரு பதிவு. மொக்கை இல்லை மக்களே, கொஞ்சம் சீரியஸ் :-)

அம்மாவுக்குச் சுகர். போன மாசம் டாக்டர் வழக்கம்போல, "தினமும் அரைமணி நேரம் நடங்கம்மா" என்றார். அம்மாவும் வழக்கம்போலத் தலையாட்டிட்டு, வெளியே வந்ததும் கேட்டாங்க: "எங்கடா நடக்கறது?"

நியாயமான கேள்வி. கரியமாணிக்கத்தில் வயல் இருக்கு, காத்து இருக்கு. ஆனா மாடு, சமையல்னு எல்லாம் முடிச்சுட்டு அம்மா கிளம்பறதுக்குள்ள இருட்டிடும். எங்க தெருவில் மூணு கம்பத்துக்கு ஒண்ணுதான் எரியும். ஒரு பக்கம் சாராயக்கடை, இன்னொரு பக்கம் நாய்ங்க.

"ஒண்ணும் ஆகாதும்மா"ன்னு நானும் சொல்லிப் பார்த்தேன். இதுவரைக்கும் அந்த வழியில் யாருக்கும் எதுவும் ஆனதில்லைதான். ஆனா நான் பார்க்கிற தெருவும் அம்மா பார்க்கிற தெருவும் ஒண்ணு இல்லை. "அதெல்லாம் வெறும் நினைப்பு"ன்னு தள்ளிடலாம். அந்த வெறும் நினைப்புதான் அவங்களை வீட்டுக்குள்ளேயே உட்கார வைக்குது. உட்கார்ந்தா சுகர் ஏறுது.

இது எங்க வீட்டுக் கதை மட்டும் இல்லை. 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வுப்படி, புதுச்சேரியில் 20 வயசுக்கு மேற்பட்டவங்களில் 26.3 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். இந்தியாவிலேயே இரண்டாவது இடம், 26.4-ஓட கோவா முதல் இடம்.

அமெரிக்காவில் 1994 முதல் 1998 வரை அஞ்சு நகரங்களில் ஒரு சோதனை நடந்தது. ஏழைக் குடியிருப்புகளில் இருந்த குடும்பங்களுக்குக் குலுக்கல் போட்டு, வசதியான பகுதிக்கு வீடு மாற உதவினாங்க. மாற விரும்பினவங்க சொன்ன முக்கியமான காரணம், ரவுடிக் கும்பல், போதைமருந்து பயம். பத்துப் பதினைஞ்சு வருஷம் கழிச்சுப் பார்த்தா, அந்த வாய்ப்பு கிடைச்ச பெண்களிடம் சர்க்கரையும் அளவுமீறிய உடல் பருமனும் குறைச்சல். முடிவு 2011-ல் வெளியாச்சு. எதனால குறைஞ்சதுன்னு அந்த ஆய்வு அடிச்சுச் சொல்லலை. பயம் விலகினதுக்கும் பங்கு இருக்கும் என்பது என் கட்சி.

"மனமிருந்தால் மார்க்கமுண்டு, எல்லாம் சோம்பேறித்தனம்"னு சிலர் சொல்வாங்க. சரிங்க, மார்க்கத்துல லைட் எரியணுமே!

அதைக் கேட்கலாம்னா யார்கிட்ட கேட்கறது? புதுச்சேரியில் 1968-க்கு அப்புறம் உள்ளாட்சித் தேர்தல் நடந்ததே 2006-லதான். 2011-ல் பதவிக்காலம் முடிஞ்சு, பத்து வருஷத்துக்கு மேல அடுத்த தேர்தல் வரலை. தெருவில் நம்ம பார்வைக்குப் படற மெம்பர் இருந்தா, பல்பு போயிடுச்சுன்னு வாசல்ல நின்னு கேட்கலாம். ஆபீஸ்ல மனு குடுத்தா ரசீதுதான் வரும். எனக்கும் வந்தது.

அதனால சொல்றேன்: தெருவிளக்கும் மருந்துதான். மாத்திரைக்குக் கணக்குப் பார்க்கிற அரசாங்கம் இதையும் அந்தக் கணக்கிலேயே சேர்க்கணும்.

இப்போ நானும் அம்மாவும் பக்கத்து வீட்டு அக்கா ரெண்டு பேரும் சேர்ந்து நடக்கறோம். மூணாம் நாளே அம்மா சொன்னாங்க: "நாலு பேரா வந்தா இருட்டே தெரியலடா."

லைட்டு இன்னும் வரலை. உங்க ஊர்ல அம்மாக்கள் எங்கே நடக்கறாங்க? பின்னூட்டத்தில் சொல்லுங்க.