வாசகர் கேள்வி: இன்ஜினை எத்தனை மணி நேரத்துக்குப் பேசுவது?

கேள்வி: கோவில்பட்டி வட்டத்து வாசகர் ஒருவர் கேட்கிறார்: மானாவாரிப் பருத்தி வாடியதால், பண்ணைக்குட்டைத் தண்ணீரை வாடகை டீசல் இன்ஜின் வைத்துப் பாய்ச்சினோம். ஒரு ஏக்கர், எட்டுப் பாத்தி. பாத்திக்கு முக்கால் மணி என்று ஆறு மணி நேரத்துக்குப் பேசினோம். கடைசிப் பாத்தி நனையவில்லை. மறுநாள் தனி வாடகை கொடுத்துப் பாய்ச்சினோம். பாத்திவாரியாக ஆன நிமிடங்கள்: 45, 60, 45, 90, 30, 45, 45, 60. கணக்கு எங்கே தவறியது?

பதில்: நேரத்தைக் குறித்து வைத்தது நல்ல பழக்கம். அதைக் கால் மணிக் கணக்கில் வரிசைப்படுத்தி, ஒரு பாத்திக்கு ஒரு புள்ளி வைத்தால் விஷயம் விளங்கும்.

½ மணி : ●
¾ மணி : ●●●●
1 மணி : ●●
1¼ மணி : இல்லை
1½ மணி : ●

அதிகப் புள்ளி முக்கால் மணியில் இருக்கிறது. அதனால்தான் பாத்திக்கு முக்கால் மணி என்று தோன்றியது. ஆனால் மொத்தம் காண, ஒவ்வொரு வரியிலும் நேரத்தைப் புள்ளிகளின் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும்: அரை + மூன்று + இரண்டு + ஒன்றரை = 7 மணி. பேசியது 6 மணி. குறைந்த ஒரு மணி நேரம்தான் கடைசிப் பாத்திக்கு உரியது.

கால்குலேட்டரில் 45 நிமிடத்தை 0.45 என்று போடக்கூடாது, அது 0.75. நான்கு பாத்திக்கு 0.45 என்று கூட்டினால் 1.80 வரும்; உண்மையில் ஆனது 3 மணி.

தனியே நிற்கும் ஒன்றரை மணிப் புள்ளியையும் கவனிக்க வேண்டும். அது நாலாம் பாத்தி. கரிசல் காய்ந்து வெடித்திருந்தால், தண்ணீர் முதலில் வெடிப்புக்குள் இறங்கி, அது நிரம்பிய பிறகே மேலே ஓடும். வாய்க்கால் கசிவும் மேடு பள்ளமும்கூடக் காரணமாகலாம். பாய்ச்சும் முன் களைக்கொத்தால் மேல்மண்ணைக் கொத்தி வெடிப்பை மூடுவது, கரையைச் சரிசெய்வது, மேட்டைச் சமன் செய்வது ஆகியவை உதவும். அந்தப் பாத்தியும் முக்கால் மணியில் முடிந்தால் மொத்தம் ஆறேகால் மணிதான். முக்கால் மணி டீசலும் வாடகையும் மிச்சம்.

குட்டைத் தண்ணீர் போதுமா என்பதையும் முன்பே பார்க்கலாம். 200 லிட்டர் டிரம் 40 விநாடியில் நிரம்பினால், மணிக்கு 18,000 லிட்டர் வருகிறது. 7 மணிக்கு 1,26,000 லிட்டர். ஒரு ஏக்கரில் அது சுமார் 31 மி.மீ. மழைக்குச் சமம். குட்டையில் அவ்வளவு இல்லையென்றால், அதிகம் வாடிய பாத்திகளுக்கு முதலில் பாய்ச்சுவதே நல்லது.