‘வீட்டுப் பிரிவு’ என்றால் யார் வீடு?

மருத்துவ ஆய்வுப் படிவங்களில் ‘வீடு’ என்றொரு சொல் வருகிறது. மருத்துவமனைக்கு மாற்றாக, செலவில்லாத ஓர் இடமாக. அங்கே கட்டில் இருக்கும், நேரம் இருக்கும், தண்ணீர் கொண்டுவந்து கொடுக்க ஆள் இருக்கும் என்று படிவம் எழுதியவர்கள் நம்புகிறார்கள். பெரும்பாலான ஆண்களுக்கு அது உண்மைதான். பெண்ணுக்கு வீடு என்பது வேலை செய்யும் இடம். இந்த வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்காத எந்த ஆய்வும் நம் முழங்காலைப் பற்றிப் பாதி உண்மையைத்தான் சொல்லும்.

அறுபத்திரண்டு வயதில் வலது முழங்காலை மாற்றிக்கொண்டபோது நானும் ஓர் ஆய்வில் சேர்ந்தேன். அறுவை சிகிச்சை எல்லோருக்கும் ஒன்றுதான். அதற்குப் பிறகான பயிற்சிதான் ஆய்வு. ஒரு பிரிவினர் ஆறு வாரம் மருத்துவமனைக்கு வந்து பிசியோதெரபி செய்ய வேண்டும். மற்றவர்கள் ஒரு கையேட்டை வைத்துக்கொண்டு வீட்டிலேயே செய்ய வேண்டும். யார் எந்தப் பிரிவு என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். எனக்கு வீடு விழுந்தது.

அதற்கு முன்பே சம்மதப் படிவத்தில் சிக்கல். “சாரையோ பையனையோ கூட்டிட்டு வாங்கம்மா, அவங்களும் கூட ஒரு கையெழுத்து போடட்டும்” என்றார் அங்கிருந்த இளம்பெண். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் ஒரு சாட்சி வேண்டும். முப்பது வருடம் பள்ளியில் பாடம் நடத்திய எனக்கு எதற்கு? சர்வதேச மருத்துவ அறிவியல் அமைப்புகளின் கவுன்சில் 2016இல் வெளியிட்ட நெறிமுறைகள் சொல்வது இதுதான்: பெண்ணின் சம்மதத்துக்குப் பதிலாக வேறு யாருடைய அனுமதியும் செல்லாது. ‘கூட’ என்பது எப்போது ‘பதிலாக’ ஆகும் என்பது நமக்குத் தெரியும். நான் மட்டும் கையெழுத்துப் போட்டேன். வாங்கிக்கொண்டார்கள். ஆனால் வாதாடத் தெரிந்தவளுக்கு மட்டும் கிடைப்பது உரிமை ஆகாது.

பிறகு கேள்விப் படிவம். வோமேக் என்பது அதன் பெயர். 1980களில் கனடாவில் உருவானது. வலி பற்றி 5, இறுக்கம் பற்றி 2, அன்றாடச் செயல்கள் பற்றி 17 என்று மொத்தம் 24 கேள்விகள். காலுறை போடுவதற்கு ஒரு கேள்வி, கழற்றுவதற்கு இன்னொன்று. குளியல் தொட்டியில் இறங்கி ஏறுவதற்கும் ஒன்று. தரையில் உட்கார்ந்து எழுவதும், இந்தியக் கழிப்பறையும், வாசலில் குந்திக் கோலம் போடுவதும் எனக்குத் தந்த படிவத்தில் இல்லை.

வீட்டு வேலை மட்டும் இருக்கிறது. கனமான வேலை, லேசான வேலை என்று இரண்டு கேள்விகளாக. எவ்வளவு சிரமம் என்று கேட்கிறார்கள். யார் செய்கிறார்கள் என்று கேட்பதில்லை. ஆறாவது வாரம் நான் ‘சிரமமில்லை’ என்று குறித்தால் சிகிச்சை வெற்றி. கிரைண்டர் கழுவ நான் திரும்பிவிட்டேன் என்பதுதான் அந்த வெற்றி. துடைப்பத்தையே தொடாத ஒருவர் ‘சிரமமில்லை’ என்று குறித்தாலும் அதே மதிப்பெண்தான்.

என்னோடு வீட்டுப் பிரிவில் விழுந்தவர்களில் ஒரு பூக்கட்டும் அக்காவும், ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரும் உண்டு. அதிகாரியின் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிக்கை சொல்ல, அவர் மூன்று வேளையும் காலைத் தூக்கி இறக்கினார். அக்கா வீட்டில் கட்டிலே இல்லை. கையேட்டிலிருந்த படத்தில் கட்டில் இருந்தது. தினசரிக் குறிப்பில் ‘செய்தேன்’, ‘செய்யவில்லை’ என்று இரண்டு கட்டங்கள். ஏன் செய்யவில்லை என்று எழுத இடமில்லை. அந்தக் காலிக் கட்டங்களை வைத்து நாளை ஒருவர் எழுதுவார்: பெண் நோயாளிகள் ஒத்துழைப்பதில்லை.

இப்படிப் பழியைத் திருப்பிவிடுவது புதிதல்ல. பெண்கள் மூட்டு முழுக்கத் தேய்ந்த பிறகுதான் அறுவை சிகிச்சைக்கு வருகிறார்கள் என்று நம்மைக் குறை சொல்வார்கள். கனடாவின் ஒன்டாரியோவில், ஒரே அளவு மூட்டுத் தேய்மானம் உள்ள ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் மருத்துவர்களிடம் அனுப்பிப் பார்த்தார்கள். 2008இல் வெளிவந்த முடிவு: 42 சதவீத மருத்துவர்கள் ஆணுக்கு மட்டும் மூட்டு மாற்றத்தைப் பரிந்துரைத்தார்கள். பெண்ணுக்கு மட்டும் பரிந்துரைத்தவர்கள் 8 சதவீதம்.

வீட்டிலேயே பயிற்சி போதும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் ஹைஹோ ஆய்வைக் காட்டுவார்கள். 2017இல் வெளியானது, 165 பேர், மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் பெண்கள். பத்து நாள் உள்நோயாளியாகத் தங்கிப் பயிற்சி பெற்றவர்களும், கண்காணிப்போடு வீட்டில் பயிற்சி செய்தவர்களும் 26ஆவது வாரத்தில் ஆறு நிமிடத்தில் ஏறக்குறைய ஒரே தூரம்தான் நடந்தார்கள். அந்த முடிவை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தூரத்தை எட்ட யார் யார் வீட்டில் எத்தனை மணி நேரம் உழைத்தார்கள் என்பது மீட்டர் கணக்கில் தெரியாது. அங்கிருந்த ‘கண்காணிப்பை’ வெட்டிவிட்டு ‘வீட்டை’ மட்டும் இங்கே கொண்டுவந்தால், மருத்துவமனைக்கு மிச்சமாகும் செலவை மருமகளும் மகளும் சம்பளமில்லாமல் கட்டுவார்கள்.

“இப்படியெல்லாம் கேட்டால் ஆராய்ச்சியே நடக்காது” என்கிறார்கள். நான் ஆராய்ச்சிக்கு எதிரி என்றால் என் முழங்காலைக் கொடுத்திருக்க மாட்டேன். வீட்டு உழைப்பை அளக்காமல் விடுவதுதான் அறிவியலுக்கு எதிரானது. இரண்டு கேள்விகளைக் கூடுதலாகச் சேர்ப்பதால் எந்த ஆய்வும் கெட்டுப்போகாது.

ஆகவே தோழிகளே, உங்களையோ உங்கள் அம்மாவையோ இப்படி ஓர் ஆய்வுக்குக் கூப்பிட்டால் சேருங்கள். கையெழுத்துப் போடும் முன் மூன்றைக் கேளுங்கள். என் சம்மதம் மட்டும் போதுமா? பயிற்சி செய்யும் ஆறு வாரமும் என் வேலையை யார் செய்வார்கள் என்று உங்கள் படிவம் கேட்கிறதா? ஆண்களின் முடிவையும் பெண்களின் முடிவையும் தனித்தனியாக வெளியிடுவீர்களா? பதிலை வாயால் சொன்னால் போதாது, எழுதித் தரச் சொல்லுங்கள்.