எழுத்தைப் பெரிதாக்கினேன்... பட்டனைக் காணோம்!

அம்மாச்சிக்கு 74 வயது. மதுரையில் தனியாக இருக்கிறார். மாதா மாதம் பி.பி மாத்திரையை போனிலேயே ஆர்டர் போட்டுவிடுவார். சமீபத்தில் கண் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தபோது, அவருடைய ஆண்ட்ராய்டு போனில் எழுத்தின் அளவை ஆகப் பெரியதாக மாற்றிக் கொடுத்தது நான்தான். "இப்பத்தான்யா எல்லாம் பளிச்சுனு தெரியுது" என்றார்.

பத்து நாள் கழித்து போன் வந்தது. "ஏய்யா, மாத்திரை தீந்து ரெண்டு நாளாச்சு. ஆர்டர் போட்டேன், இன்னும் வரல."

ஊருக்குப் போய்ப் பார்த்தேன். ஆப்பில் மாத்திரையின் பெயர், விலை, வீட்டு முகவரி எல்லாம் பெரிய எழுத்தில் இருந்தன. அவற்றுக்குக் கீழே வரவேண்டிய 'ஆர்டரை உறுதிசெய்' பட்டனை மட்டும் காணோம். விரலால் தள்ளினாலும் பக்கம் மேலே நகரவில்லை. முகவரி தெரிந்ததுமே ஆர்டர் போய்விட்டது என்று அம்மாச்சி நினைத்திருக்கிறார். எழுத்தின் அளவைப் பழையபடி சிறியதாக்கினேன். பட்டன் வந்துவிட்டது.

"அப்ப, எனக்குக் கண்ணு தெரியணும்னா மாத்திரை கிடையாதா?" என்று கேட்டார். இந்த வாரம் அந்தக் கேள்விக்குத்தான் பதில் தேடியிருக்கிறேன்.

வாழை இலை சொல்லும் கணக்கு

விருந்தில் பரிமாறுகிறவர் ஸ்கேல் வைத்து அளப்பதில்லை. உப்பும் ஊறுகாயும் இலையின் இடது மூலையில், அதற்குப் பக்கத்தில் கூட்டு, பொரியல், கீழ்ப்பாதியில் நடுவே சாதம். இலை சிறியதோ பெரியதோ, எது எதற்குப் பக்கத்தில் என்பது மாறாது. சாதம் அதிகமானால் அப்பளம் கொஞ்சம் தள்ளி உட்காரும்.

'உப்பு, ஓரத்திலிருந்து சரியாக 3 சென்டிமீட்டர். சாதம், 20 சென்டிமீட்டர்' என்று விதி போட்டால் என்ன ஆகும்? இலை சிறியதாக வந்த அன்று சாதம் தரையில் விழும்.

ஆரம்ப கால ஐபோன் ஆப்களில் பலவும் இப்படி அளந்து வைத்தவைதான். 2007-ல் வந்த முதல் ஐபோன் தொடங்கி சில ஆண்டுகள்வரை எல்லா ஐபோனிலும் ஸ்கிரீன் 3.5 இன்ச். எனவே, 'பட்டனை இந்தப் புள்ளியில் வை' என்று எண்ணாக எழுதிவிட்டாலே போதும். 2012-ல் ஐபோன் 5 நீளமான ஸ்கிரீனோடு வந்தபோது அந்தக் கணக்கு உதைத்தது. அதே மாதம் வந்த ஐ.ஓ.எஸ் 6-ல், 'ஆட்டோ லேஅவுட்' என்ற முறையை ஆப்பிள் ஐபோனுக்குக் கொண்டுவந்தது. விதவிதமான அளவுகளில் ஸ்கிரீன்கள் இருக்கும் ஆண்ட்ராய்டுக்கு, 2016-ல் 'கன்ஸ்ட்ரெயின்ட் லேஅவுட்' என்ற கருவியை கூகுள் அறிமுகப்படுத்தியது.

இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான். 'விலைக்குக் கீழே 16 புள்ளி தள்ளி முகவரி', 'பட்டனின் அகலம் ஸ்கிரீனின் அகலம்' என்று உறவுகளை மட்டும் சொன்னால் போதும். இந்த உறவு விதிகளுக்குத்தான் கன்ஸ்ட்ரெயின்ட் என்று பெயர். எங்கே வைப்பது என்பதை போனே கணக்குப் போட்டுக்கொள்ளும். அந்தக் கணக்குக்கு 'கேசோவரி' என்று ஒரு பறவையின் பெயர். 1990-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவானது.

அப்படியும் பட்டன் ஏன் தொலைந்தது?

ஆப் எழுதும் நண்பர் ஒருவரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். அவர் சொன்ன காரணம் எளிமையானது. மாத்திரைக்குக் கீழே விலை, விலைக்குக் கீழே முகவரி, முகவரிக்குக் கீழே பட்டன் என்று எல்லாமே மேலிருந்து சங்கிலி மாதிரி தொங்கியிருக்கும். எழுத்து பெரிதாகப் பெரிதாகச் சங்கிலி நீளும். கடைசிக் கண்ணியான பட்டன் ஸ்கிரீனுக்கு வெளியே போய்விடும்.

சரிசெய்வதும் எளிதுதானாம். பட்டனை முகவரியோடு கட்டாமல், ஸ்கிரீனின் கீழ் விளிம்போடு கட்ட வேண்டும். நடுவில் இருப்பதையெல்லாம் விரலால் தள்ளிப் பார்க்கும்படி வைக்க வேண்டும். அவ்வளவுதான். எழுத்து எவ்வளவு பெரிதானாலும் பட்டன் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இன்னொரு தவறும் அடிக்கடி நடக்கிறது. ஆண்ட்ராய்டில் அளவு சொல்ல இரண்டு அலகுகள் உண்டு. 'எஸ்.பி' என்பது நாம் செட்டிங்ஸில் எழுத்தைப் பெரிதாக்கினால் கூடவே வளரும். 'டி.பி' அப்படி வளராது. பட்டனின் உயரத்தை 48 டி.பி என்று பூட்டிவிட்டு, உள்ளே இருக்கும் எழுத்தை எஸ்.பி-யில் விட்டால், வளரும் பிள்ளைக்குப் பழைய சட்டை போட்ட கதைதான். எழுத்தின் தலையும் காலும் வெட்டுப்படும். 'உயரம் 48' என்பதை 'குறைந்தது 48' என்று மாற்றினால் பிரச்னை தீர்ந்தது.

இதில் தமிழுக்குக் கூடுதல் சிக்கல். ஆங்கிலத்தில் 'பே' என்று மூன்றே எழுத்தில் முடிவது, தமிழில் 'பணம் செலுத்தவும்' என்று நீள்கிறது. 'கி'-க்கு மேலே வளைவு, 'கு'-வுக்குக் கீழே சுழி. ஆங்கிலத்துக்கு அளவெடுத்த பெட்டியில் இவை அடங்காது.

சில நேரம் இரண்டு விதிகள் ஒன்றோடு ஒன்று மோதும். 'பெட்டி இந்த உயரத்தைத் தாண்டக் கூடாது' என்பது ஒன்று. 'எழுத்து முழுதாகத் தெரிய வேண்டும்' என்பது இன்னொன்று. இதற்காகவே ஐபோனில் ஒவ்வொரு விதிக்கும் 1 முதல் 1000 வரை முக்கியத்துவ மதிப்பெண் கொடுக்கலாம். குறைந்த மதிப்பெண் வாங்கிய விதி விட்டுக்கொடுக்கும். இரண்டுக்குமே 1000 கொடுத்திருந்தால், போன் ஏதோ ஒன்றை உடைத்துவிட்டு, ஆப் எழுதுகிறவரின் கம்ப்யூட்டரில் எச்சரிக்கை காட்டும். அதைப் படிக்காமல் கடந்து போனால், உடைந்த பக்கம் அப்படியே நம் கைக்கு வந்துசேரும். பொருள் பெயருக்கு 1000, அழகான இடைவெளிக்கு 250 என்று கொடுப்பதும் ஒருவகையில் யாருக்கு முன்னுரிமை என்று முடிவு செய்வதுதான்.

நாம் என்ன செய்யலாம்?

முதலில், பட்டன் தெரியவில்லை என்பதற்காக போனை அடுத்தவர் கையில் கொடுத்து, ஓ.டி.பி-யையும் சொல்லிவிடாதீர்கள்.

ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் 'ஃபான்ட் சைஸ்', 'டிஸ்ப்ளே சைஸ்' என்று இரண்டு தனித்தனியாக இருக்கும். இரண்டையும் ஒரேயடியாக உச்சத்துக்கு ஏற்றாமல், ஒவ்வொரு படியாக ஏற்றி, அன்றாடம் பயன்படுத்தும் ஆப்களைத் திறந்து கடைசிப் பக்கம்வரை பாருங்கள்.

'அக்சஸிபிலிட்டி' பகுதியில் 'மேக்னிஃபிகேஷன்' என்ற வசதி உண்டு. இது எழுத்தை மட்டும் வளர்க்காமல், பூதக்கண்ணாடி மாதிரி முழுப் பக்கத்தையும் பெரிதாக்கும். விதிகள் எதுவும் மாறாததால் பட்டன் தொலையாது. ஐபோனில் இதன் பெயர் 'ஜூம்'.

ஐபோனில் ஐ.ஓ.எஸ் 15 முதல், அக்சஸிபிலிட்டியில் உள்ள 'பெர்-ஆப் செட்டிங்ஸ்' மூலம் ஒவ்வொரு ஆப்புக்கும் தனி எழுத்து அளவு வைக்கலாம். அடம்பிடிக்கும் ஆப்பை மட்டும் சிறிய எழுத்தில் விட்டுவிடலாம்.

கடைசியாக, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, 'எழுத்தைப் பெரிதாக்கினால் பட்டன் தெரியவில்லை' என்று ஆப் நிறுவனத்துக்கு அனுப்புங்கள். இது சலுகை கேட்பதல்ல. எழுத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கினாலும் எந்த வசதியும் தொலையக் கூடாது என்று இணையப் பக்கங்களுக்கான சர்வதேச வழிகாட்டுதல் 2008-லேயே சொல்லிவிட்டது.

அம்மாச்சியின் போனில் மேக்னிஃபிகேஷனைப் போட்டுக் கொடுத்தேன். மூன்று முறை தட்டிப் பெரிதாக்கி, விரலால் நகர்த்திப் பார்த்து, அவரே ஆர்டர் போட்டார். மறுநாள் மாத்திரை வந்தது. ஆப் நிறுவனத்துக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. "வந்துச்சா, வந்துச்சா?" என்று அம்மாச்சிதான் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.