ஏழு வெற்றுத் தோட்டாக்கள்

அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் கொலையைப் பற்றிப் பேச்செடுத்தால் கியூபா, மாஃபியா, சி.ஐ.ஏ. என்று ஆளுக்கொரு திசையில் கிளம்பிவிடுவார்கள். விடிந்தாலும் பேச்சு முடியாது. இந்த வாரம் அந்தப் பக்கமெல்லாம் நான் போகப்போவதில்லை. 1963 நவம்பர் 22 அன்று டல்லாஸ் நகரில் இரண்டு இடங்களில் கிடைத்த ஏழு வெற்றுத் தோட்டாக்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதல் மூன்றும், கென்னடியை நோக்கிச் சுட்ட இடமாகச் சொல்லப்படும் பாடநூல் கிடங்கின் ஆறாவது மாடியில், ஜன்னலோரம் கிடைத்தன. அட்டைப்பெட்டி அடுக்குக்குப் பின்னால் தரையில் கிடந்தவற்றை முதலில் பார்த்தவர் லூக் மூனி என்ற துணை ஷெரிஃப். அதே மாடியில் பெட்டிகளுக்கு நடுவே செருகி வைத்திருந்த இத்தாலியக் கார்கானோ துப்பாக்கியும் அகப்பட்டது. கொலையாளி என்று பிடிபட்ட லீ ஹார்வி ஆஸ்வால்ட் ‘ஹிடெல்’ என்ற பொய்ப்பெயரில் சிகாகோ கடையொன்றிலிருந்து தபாலில் வரவழைத்த துப்பாக்கி அது.

சுட்டதும் குண்டு பறந்துவிடும். உறை துப்பாக்கிக்குள்ளேயே நிற்கும். போல்ட்டைப் பின்னுக்கு இழுத்தால்தான் வெளியே தெறிக்கும். அதற்குள் உறையின் அடிப்பக்கத்தில் ஊசி குத்திய குழியும் போல்ட் முகத்தின் நுண்ணிய கீறல்களும் பதிந்துவிடும். எஃப்.பி.ஐ. நிபுணர் ராபர்ட் ஃப்ரேசியர், தான் சோதனைக்காகச் சுட்ட தோட்டாக்களோடு இவற்றை நுண்ணோக்கியில் வைத்து ஒப்பிட்டு, மூன்றும் இதே துப்பாக்கியில் சுடப்பட்டவைதான் என்று, கொலையை விசாரித்த வாரன் கமிஷன் முன் சாட்சி சொன்னார்.

அத்தோடு பேச்சு முடிந்திருக்க வேண்டும். முடியாததற்குக் காரணம், அன்றிரவு எஃப்.பி.ஐ.க்குப் போனவை இரண்டு மட்டுமே. மூன்றாவதை டல்லாஸ் கொலைப்பிரிவு கேப்டன் வில் ஃப்ரிட்ஸ் சில நாள் தன்னிடமே வைத்துக்கொண்டார். தோட்டாக்களைப் போட்ட கவருக்குச் சீல் வைக்கவில்லை. அவற்றில் எப்போது அடையாளமிட்டோம் என்பதில் தடய அதிகாரி கார்ல் டே தடுமாறி, பிறகு தனியாக விளக்கம் கொடுக்க வேண்டி வந்தது. கிடைத்தது இரண்டுதான், மூன்றாவது பிற்பாடு வந்து சேர்ந்தது என்று ஒரு தரப்பு இன்றும் பேசுகிறது. கிடந்தவை மூன்று என்றுதான் மூனி சொன்னார். சம்பவ இடத்துப் படத்திலும் மூன்று இருக்கின்றன. ஆனாலும் சீல் வைக்காத கவர் ஒன்று போதும், சந்தேகம் காலத்துக்கும் ஓடும்.

மூன்றில் ஒன்றின் வாய் விளிம்பு நசுங்கியிருந்தது. நசுங்கிய வாயில் குண்டு எப்படிப் பொருந்தும், அன்றைக்கு இதிலிருந்து சுட்டிருக்கவே முடியாது என்று 1967இல் ஜோசையா தாம்ப்சன் தன் புத்தகத்தில் வாதாடினார். சுட்ட பிறகு தெறித்து விழும் வேகத்திலேயே விளிம்பு இப்படி நசுங்கலாம் என்றார்கள், 1970களின் கடைசியில் மறுபடி விசாரித்த அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் நிபுணர்கள். எனக்கு இரண்டாவது விளக்கமே சரியாகப் படுகிறது.

மிச்சம் நான்கும் இன்னும் சிக்கலானவை. கென்னடி சுடப்பட்டு ஒரு மணி நேரத்துக்குள், ஓக் கிளிஃப் பகுதித் தெருவில் ஜே.டி. டிப்பிட் என்ற போலீஸ்காரர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆஸ்வால்ட் பிடிபட்டபோது கையில் இருந்தது .38 ரிவால்வர். ரிவால்வரில் வெற்று உறை தானாகத் தெறிக்காது. கையால் தட்டிக் கொட்ட வேண்டும். சுட்டவன் நடந்துகொண்டே தட்டிக் கொட்டியதை அக்கம்பக்கத்தார் பார்த்தார்கள். ஒருவர் இரண்டைப் பொறுக்கி, வெற்று சிகரெட் பாக்கெட்டில் போட்டு, ஜே.எம். போ என்ற காவலரிடம் கொடுத்தார். மற்ற இரண்டும் அங்கே குடியிருந்த பெண்கள் கைக்குக் கிடைத்தன.

அங்கே போன சார்ஜென்ட் ஜெரால்ட் ஹில், உறைகளைப் பார்த்துவிட்டு, சுட்டவனிடம் இருப்பது ‘ஆட்டோமேட்டிக்’ என்று ஒயர்லெஸ்ஸில் சொல்லிவிட்டார். போ, தன்னிடம் வந்த இரண்டிலும் தன் பெயரின் முதலெழுத்துகளைக் கீறியதாக நினைத்தார். விசாரணையில் நான்கையும் காட்டியபோது அந்த அடையாளத்தை அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. கணக்கும் இடித்தது. உறைகளில் வெஸ்டர்ன் கம்பெனியுடையவை இரண்டு, ரெமிங்டன் இரண்டு. உடலிலிருந்து எடுத்த குண்டுகளிலோ வெஸ்டர்ன் மூன்று, ரெமிங்டன் ஒன்று. ஒரு குண்டு குறி தவறிப் போயிருக்கலாம், ஓர் உறை கிடைக்காமல் போயிருக்கலாம் என்று கமிஷன் சமாதானம் சொன்னது.

குண்டுகளை வைத்தும் தீர்க்க முடியவில்லை. வேறு ரகத் தோட்டாவுக்கான அந்த ரிவால்வரை .38 ஸ்பெஷல் போடுவதற்காக மாற்றியிருந்தார்கள். குழல் துளை குண்டைவிடக் கொஞ்சம் பெரிசு. அதனால் அதே ரிவால்வரில் அடுத்தடுத்துச் சுட்ட சோதனைக் குண்டுகளே ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்றது எஃப்.பி.ஐ. ஆனால் நான்கு உறைகளும் அந்த ரிவால்வருடையவை என்பதில் நிபுணர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. ஆஸ்வால்டின் ரிவால்வரை இந்தக் கொலையோடு கட்டும் முக்கியக் கயிறு அந்த நான்கு உறைகள்தான்; அவற்றில் இரண்டைத்தான் சிகரெட் பாக்கெட்டில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்!

கிரிமினல் வழக்குகள் நடத்தும் வக்கீல் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். ரகசியச் சதியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. “மகஜர்ல எத்தனைன்னு எழுதியிருக்கான்? யார் கையெழுத்து? சீல் வெச்சானா? லேபுக்கு என்னைக்குப் போச்சு?” என்று அடுக்கினார். எதற்கும் ஒழுங்கான பதில் இல்லை என்றதும் சிரித்தார். “எதிர்த்தரப்புல என்னை நிக்க வெச்சிருந்தா ரெண்டு நாள் வெச்சு செஞ்சிருப்பேன் சார்.”

அந்த இரண்டு நாள்தான் அமெரிக்காவுக்குக் கிடைக்காமல் போனது. நவம்பர் 24 அன்று, காவல் நிலையத்திலிருந்து சிறைக்கு மாற்றும்போது ஜாக் ரூபி என்பவர் ஆஸ்வால்டைச் சுட்டுக் கொன்றார். வழக்கு நடக்கவில்லை; குறுக்கு விசாரணையும் இல்லை. ஃப்ரிட்ஸையும் டேயையும் போவையும் கூண்டில் ஏற்றி, எது அலட்சியம், எது பொய் என்று பிரித்தெடுக்க ஒரு நீதிபதி இருந்திருந்தால், இந்தச் சண்டையில் பெரும்பகுதி 1964இலேயே அடங்கியிருக்கும். கோர்ட்டில் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளை அறுபது வருஷமாகப் புத்தகங்களில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஏழு உறைகளும் ஆஸ்வால்டின் ஆயுதங்களிலிருந்து வந்தவை என்றே நான் நம்புகிறேன். அதே சமயம், சந்தேகப்படுகிறவர்களைக் கிறுக்கர்கள் என்று தள்ளவும் எனக்கு மனமில்லை. அவர்கள் கையில் அந்தச் சந்தேகத்தை எடுத்துக் கொடுத்ததே டல்லாஸ் போலீஸ்தான். எவ்வளவு பெரிய நிபுணர் நுண்ணோக்கியில் பார்த்துச் சொன்னாலும், அந்தப் பொருள் எந்தெந்தக் கை மாறி அவரிடம் வந்தது என்பதற்கு எழுத்தில் கணக்கு இல்லாவிட்டால் ஊர் நம்பாது. நம்ப வேண்டிய கட்டாயமும் ஊருக்கு இல்லை.