மருந்து இலவசம்; வழிச்செலவை யார் தருவது?

எமது நாட்டில் அரச வைத்தியசாலைக்குப் போகும் ஏழைப் பிள்ளையிடம் எவரும் பணம் கேட்பதில்லை. கட்டில், இரத்தம், சத்திரசிகிச்சை, மருந்து எல்லாம் இலவசம். உலகின் பல நாடுகளில் புற்றுநோய் என்ற சொல் காதில் விழுந்ததும் குடும்பம் காணியை விற்கப் புறப்படுகிறது. அந்த நிலை எமக்கு இல்லை. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோதுதான், இந்த ஏற்பாடு எத்தனை பெரிய பேறு என்பதை எம்மில் பலர் உணர்ந்தோம்.

அப்படியிருந்தும், பாரிய நோய்க்கு ஆளான எமது கிராமத்துப் பிள்ளைகள் சிலரின் சிகிச்சை இடைநடுவில் நின்றுபோகிறது. மருந்து இல்லாமல் அல்ல, வைத்தியர் இல்லாமலும் அல்ல. பஸ் காசு இல்லாமல், இரவு படுக்க இடம் இல்லாமல், விடுதியில் சொல்லப்படுவது விளங்காமல், வீட்டில் விட்டுவந்த மற்றப் பிள்ளைகளுக்குச் சோறு போட ஆளில்லாமல் அது நிற்கிறது. நோயுற்ற பிள்ளைகளுக்கென்று ஓர் உதவிப்பணியைத் தொடங்க விரும்பும் எந்தப் பங்கும், எந்தக் கிராமச் சங்கமும் முதலில் சிந்திக்க வேண்டியது இதைத்தான் என்பது எமது கருத்து.

நோயின் நாட்காட்டியும் வயலின் நாட்காட்டியும்

பிள்ளைகளிடம் அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் லுகேமியா எனப்படும் இரத்தப் புற்றுநோய். இதில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வரும் வகை இன்று குணமாக்கக்கூடியது. ஆனால் அதன் சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் நீடிக்கும். இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பம் ஒன்றுக்கு இதன் பொருள் என்ன? நான்கு காலபோகங்கள், சிறுபோகங்கள் கடந்து போகும்வரை, தகப்பனோ தாயோ திரும்பத் திரும்ப வீட்டை விட்டுப் புறப்பட வேண்டும் என்பதே. கிளிநொச்சியிலிருந்து கொழும்புக்கு முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். ஒரு கிளினிக் நாளுக்காக மூன்று நாள் கூலி போகிறது. குத்தகைக் காணியில் தோட்டம் செய்பவருக்கு, தண்ணீர் கட்ட வேண்டிய நாளில் ஊரில் இல்லாவிட்டால் அந்தப் போகமே போய்விடும்.

இதிலும் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. சிகிச்சை தொடங்கிச் சில வாரங்களிலேயே பிள்ளை தேறத் தொடங்கும். காய்ச்சல் விடும், முகம் தெளியும். சில மாதங்களில் உதிர்ந்த தலைமயிர் மீண்டும் முளைக்கும். பிள்ளை விளையாடப் போகும். பார்ப்பவர்கள் எல்லோரும் சுகமாகிவிட்டது என்பார்கள். அதே நேரத்தில் மழை விழும், விதைப்பு வரும், கடன்காரர் வாசலில் நிற்பார். இனி எதற்கு அலைச்சல் என்று குடும்பம் நின்றுவிடும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத நோய் உடம்பில் மிச்சமிருக்கிறது. அதை வேரோடு எடுப்பதற்குத்தான் எஞ்சிய இரண்டு ஆண்டு மருந்து. இடையில் விட்டால் நோய் திரும்பும். திரும்பிய நோயைக் குணமாக்குவது முன்னதை விடப் பல மடங்கு கடினம்.

இதைப் பெற்றோரின் அறியாமை என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். நாம் அப்படிச் சொல்லமாட்டோம். ஒரு பிள்ளையின் உயிரையும் மூன்று பிள்ளைகளின் வயிற்றையும் ஒரே தராசில் வைக்கும்படி எவரும் அவர்களைத் தள்ளக்கூடாது. அந்தத் தராசை அவர்கள் கையிலிருந்து வாங்குவதே உதவிப்பணியின் வேலை.

களுபோவிலக்கு வந்து சேர்பவர்கள்

வடக்கிலிருந்து நோயாளிகளோடு வருபவர்கள் கொழும்பில் முதலில் தேடுவது வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கத்து உறவினரை. உறவினர் இல்லாதவர் தேடுவது மலிவான ஓர் அறையை. களுபோவிலயில் கொழும்பு தெற்குப் போதனா வைத்தியசாலை இருக்கிறது. பொரளையில் 1895 முதல் இயங்கும் சீமாட்டி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது. மஹரகமவில் அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலை இருக்கிறது. சிங்களத்தில் அபேக்ஷா என்றால் நம்பிக்கை. நாட்டின் புற்றுநோய்ப் பிள்ளைகளில் பெரும்பகுதியினர் இன்னும் அங்குதான் போகிறார்கள்.

பிள்ளையோடு விடுதியில் தாய் நிற்கலாம். தகப்பன் எங்கே படுப்பது? மறுபடி கிளினிக்குக்கு வரும்போது, விடியற்காலையில் பஸ்ஸால் இறங்கிய பிள்ளை எங்கே முகம் கழுவுவது? மருந்து ஏற்றியபின் வாந்தியோடு இரவு பஸ்ஸில் ஏறத்தான் வேண்டுமா? 1987இல் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் மூலம் தமிழும் ஆட்சிமொழியாயிற்று. ஆனால் சிங்களம் மட்டுமே புழங்கும் ஒரு விடுதியில், “இந்தக் குளிசையை எத்தனை நாளைக்குக் கொடுப்பது?” என்று கேட்கத் தெரியாமல் நிற்கும் தாய்க்குச் சட்டம் மட்டும் போதாது. பக்கத்தில் நின்று மொழிபெயர்க்க ஓர் ஆள் வேண்டும்.

களுபோவில போன்ற ஓர் இடத்தில் நான்கு அறை வாடகைக்கு எடுத்து, ஒரு சமையற்கட்டு, கொதித்தாறிய தண்ணீர், சுத்தமான கழிவறை, தமிழும் சிங்களமும் தெரிந்த ஒருவர் என்று வைத்துக்கொண்டால், அது ஒரு பெரிய இயந்திரத்தை வாங்கிக் கொடுப்பதற்குக் குறைந்த சேவை அல்ல. மஹரகமவில் இந்திரா புற்றுநோய் நம்பிக்கை நிதியம் நோயுற்ற பிள்ளைகளையும் குடும்பத்தையும் ஒன்றாகத் தங்கவைக்கும் ‘சுவ அரண’ என்ற இல்லத்தை அமைத்திருக்கிறது. இந்தியாவில் 2006இல் மும்பையில் தொடங்கிய செயின்ட் ஜூட் சிறுவர் பராமரிப்பு நிலையங்கள் இதே வேலையைப் பல நகரங்களில் செய்கின்றன. எனவே இது புதுமையான யோசனை அல்ல. எமது மக்களின் மொழியிலும், எமது மக்களின் தேவைக்கேற்பவும் இத்தகைய இடங்கள் இன்னும் வேண்டும் என்பதே நாம் சொல்வது.

ரெசிஃபே தரும் பாடம்

இதனால் உண்மையில் பிள்ளைகள் பிழைக்கிறார்களா என்று கேட்பவர்களுக்குப் பிரேசில் நாட்டின் வடகிழக்கிலிருந்து ஒரு விடை உண்டு. ரெசிஃபே நகரைச் சூழவுள்ள பகுதி கரும்புத் தோட்டங்களும் வறட்சியும் வறுமையும் நிறைந்தது. 1980களில் அங்கு லுகேமியாவுக்குச் சிகிச்சை பெற்ற பிள்ளைகளில் நூற்றுக்குப் பதினாறு பேர் இடையில் விட்டுப்போனார்கள். ஐந்து ஆண்டுகள் நோய் திரும்பாமல் வாழ்ந்தவர்கள் நூற்றுக்கு 32 பேர் மட்டுமே. பின்னர் அமெரிக்காவின் மெம்பிஸ் நகர்ச் சிறுவர் வைத்தியசாலை ஒன்றின் கூட்டுறவோடு சிகிச்சைமுறை திருத்தப்பட்டது. அதோடு கூட, உள்ளூர் மக்கள் அமைப்பு ஒன்று தங்குமிடம், போக்குவரத்து, உணவு ஆகியவற்றைப் பொறுப்பேற்றது. 1997க்கும் 2002க்கும் இடையில் சிகிச்சையை விட்டுப்போனவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாயினர். நோயின்றி வாழ்ந்தவர்கள் 63 பேராக உயர்ந்தனர். மருந்து தனியாக இதைச் செய்யவில்லை. சோறும் பஸ் காசும் தனியாகச் செய்யவுமில்லை. இரண்டும் கைகோர்த்தன.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் ஆண்டுதோறும் ஏறத்தாழ நான்கு இலட்சம் சிறுவர்களும் இளையோரும் புற்றுநோய்க்கு ஆளாகின்றனர். செல்வந்த நாடுகளில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டோர் குணமடைய, வறிய நாடுகள் பலவற்றில் முப்பது பேர்கூடத் தப்புவதில்லை. 2030க்குள் இதை உலகெங்கும் குறைந்தது அறுபதாக்குவது என்று 2018இல் அந்நிறுவனம் இலக்கு வைத்தது. நோயைப் பிந்திக் கண்டுபிடிப்பதையும் சிகிச்சையை இடையில் விடுவதையும் முக்கிய காரணங்களாக அது சொல்கிறது. இந்த இரண்டும் கிராமத்தில் நடப்பவை. ஆகவே தீர்வின் பாதியும் கிராமத்தில்தான் இருக்கிறது.

தெல்லிப்பழையின் சாட்சியம்

எம்மில் பலர் 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறியவர்கள், அல்லது அவர்களின் பிள்ளைகள். அந்த மண்ணில், தெல்லிப்பழையில், இன்று ஒரு புற்றுநோய் வைத்தியசாலை நிற்கிறது. 2011 ஜூலையில் தெற்கின் தெய்வேந்திர முனையிலிருந்து பருத்தித்துறை வரை 27 நாட்கள், ஏறக்குறைய 670 கிலோமீற்றர், சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் நடந்தார்கள். ‘ட்ரெயில்’ என்ற அந்த நடைபயணம் இருபது இலட்சம் டொலருக்கு மேல் திரட்டியது. 2013இல் வைத்தியசாலை திறக்கப்பட்டது. 2016இல் அதே பாதையை வடக்கிலிருந்து தெற்கு நோக்கி நடந்து, காலி கராப்பிட்டியவுக்காகவும் பணம் சேர்த்தார்கள்.

கட்டிடங்களும் இயந்திரங்களும் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. தெல்லிப்பழை எழுந்திராவிட்டால் எமது மக்களில் எத்தனையோ பேர் இன்னும் மஹரகமவுக்கே அலைந்திருப்பார்கள். ஆனால் கட்டிடத்துக்கு ஒரு திறப்புவிழா உண்டு, பெயர்ப்பலகை உண்டு. பஸ் டிக்கட்டுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. அதனால்தான் முதலாவதற்குக் கொடுப்பவர் பலராகவும், இரண்டாவதற்குக் கொடுப்பவர் சிலராகவும் இருக்கிறார்கள். அந்தச் சிலராக இருப்பதற்குக் கிராமத்து மக்களே தகுதியானவர்கள்.

எப்படி நடத்துவது?

முதலாவது, நேரத்துக்குக் கண்டறிதல். கிழமைக்கணக்கில் மாறாத காய்ச்சல், உடல் வெளிறல், அடிபடாமலே தோன்றும் கண்டல், தொடர்ந்த எலும்பு நோவு, கழுத்தில் குறையாத நெறி, வயிற்றில் கட்டி, காலையில் தலையிடியோடு வாந்தி, கண்மணியில் வெள்ளையாகத் தெரியும் ஒளி: இவற்றை மாதர் சங்கத்தில் ஒவ்வொரு தாயும் அறிந்திருக்க வேண்டும். இவை எல்லாம் புற்றுநோய் அல்ல. ஆனால் எல்லாம் வைத்தியரிடம் காட்ட வேண்டியவை.

இரண்டாவது, காசை விட உழைப்பு. இடம்பெயர்ந்த குடும்பத்திடம் பணம் கேட்பது நியாயமல்ல. ஆனால் எமது மக்களுக்கு முகாம் வாழ்க்கை கற்றுத்தந்த ஒரு பாடம் உண்டு. பொதுச் சமையல் நடத்தத் தெரியும், ஒருவர் பிள்ளையை மற்றவர் பார்க்கத் தெரியும். தகப்பன் கொழும்பில் நிற்கும் நாளில் அவர் தோட்டத்துக்கு யார் தண்ணீர் கட்டுவது, வீட்டிலுள்ள பிள்ளைகள் யார் வீட்டில் சாப்பிடுவது என்று சங்கம் ஒரு கொப்பியில் முறை போட்டு எழுதிவைக்கட்டும். இரத்தம் கொடுக்கக்கூடிய இளைஞரின் பெயர்களும் அதே கொப்பியில் இருக்கட்டும்.

மூன்றாவது, காய்ச்சலுக்கு ஒரு கைநிதி. சிகிச்சை பெறும் பிள்ளைக்கு நோயை எதிர்க்கும் சக்தி குறைந்திருக்கும். காய்ச்சல் வந்தால் விடியும்வரை காத்திருக்க முடியாது. சில மணி நேரத்துக்குள் வைத்தியசாலையில் இருக்க வேண்டும். நள்ளிரவில் ஓட்டோ பிடிக்கும் பணம் அந்தக் கிராமத்திலேயே, நம்பிக்கையான ஒருவர் வீட்டிலேயே இருக்க வேண்டும். கொழும்புக் கணக்கிலுள்ள பெருந்தொகை அந்த நேரத்தில் பயன்படாது.

நான்காவது, கணக்கும் கண்ணியமும். பெற்ற ஒவ்வொரு ரூபாவுக்கும் பற்றுச்சீட்டு இருக்க வேண்டும், கணக்குக் கோவிலின் அறிவித்தல் பலகையில் தொங்க வேண்டும். ஆனால் பிள்ளையின் மொட்டைத் தலைப் படம் எங்கும் தொங்கக்கூடாது. உதவி கேட்பதற்காகப் பிள்ளையின் முகத்தை விற்பவர் பிள்ளைக்கு உதவி செய்பவர் அல்லர். சமய வேறுபாடும் பார்க்கலாகாது.

ஐந்தாவது, குணமாகாத பிள்ளையைக் கைவிடாமை. எல்லாப் பிள்ளைகளும் பிழைப்பதில்லை. நோவில்லாமல், தன் வீட்டில், தாயின் மடியில் அந்தப் பிள்ளை இருக்க உதவுவதும் இந்தப் பணிதான். இறந்த பிள்ளையின் வீட்டுக்கு மாதங்கள் கழிந்தும் போய்வருவதும் இந்தப் பணிதான்.

இரண்டு தெனாரியம்

இது அரசாங்கத்தின் வேலை அல்லவா என்று சிலர் கேட்பார்கள். ஆம், பெரும்பகுதி அரசாங்கத்தின் வேலைதான். பிள்ளைகளுக்கான விசேட புற்றுநோய்ச் சிகிச்சையை வடக்கிலும் கிழக்கிலும் விரிவாக்கும்படியும், எல்லா விடுதிகளிலும் தமிழ் தெரிந்த தாதியரை அமர்த்தும்படியும் நாம் விடாமல் கேட்க வேண்டும். எமது இல்லம் அரசின் கடமைக்குத் திரைபோடுமானால் அது மக்களுக்குச் செய்யும் தீங்கு. ஆனால் அடுத்த கிளினிக் நாள் வரும் செவ்வாய்க்கிழமை. அரசின் திட்டம் அதற்குள் வராது.

இயேசு சொன்ன நல்ல சமாரியன் உவமையில் நாம் பெரும்பாலும் காயம் கட்டிய கையையே பார்க்கிறோம். அவன் அத்தோடு நிற்கவில்லை. தன் வாகன விலங்கில் ஏற்றினான்: அது போக்குவரத்து. சத்திரத்தில் சேர்த்தான்: அது தங்குமிடம். இரண்டு தெனாரியம் கொடுத்தான்: அது நாட்செலவு. மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவேன் என்றான்: அது தொடர்பணி. எண்ணெயும் திராட்சை இரசமும் முதல்நாள் வேலை. மற்றவை எல்லாம் காயம் ஆறும்வரைக்குமான வேலை.

எனவே ஓர் உதவிப்பணியை மதிப்பிடும்போது எத்தனை இலட்சம் சேர்த்தீர்கள் என்று நாம் கேட்க வேண்டியதில்லை. சிகிச்சை தொடங்கிய பிள்ளைகளில் எத்தனை பேர் கடைசிக் குளிசை வரை போனார்கள், போகாதவர் ஏன் நின்றார்கள் என்று கேட்டாற் போதும். அடுத்த மாதச் சங்கக் கூட்டத்தில் உங்கள் ஊரில் நீண்டகாலச் சிகிச்சையில் இருக்கும் பிள்ளைகளை எண்ணுங்கள். ஒருவராவது இருப்பார். அவருடைய அடுத்த கிளினிக் திகதியைக் கேட்டு, அந்தக் கொப்பியின் முதற்பக்கத்தில் எழுதுங்கள்.